ஆள் மாற்றிப் போன நாள்

அம்பாசமுத்திரத்து அரிசி மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனால் வேலைக்கு வர முடியவில்லையென்றால் அவன் வீட்டிலிருந்து இன்னொருவன் வந்து நிற்பான். வருகைப் பதிவில் முதல் ஆளின் பெயரே இருக்கும். மூட்டை ஏறினால் முதலாளிக்குப் போதும், முகமா முக்கியம்? அண்ணன் தேவசிகாமணியின் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, அவருக்குப் பதிலாகத் தம்பி அருமைநாயகம் போனான். மெஷின் பெல்ட்டில் சிக்கி வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

உடனே இழப்பீட்டுக்கு மனுப் போட்டிருக்க வேண்டாமா? கல்யாணம் முடியட்டும், முதலாளியே ஏதாவது செய்வார் என்று அண்ணன் நிறுத்தி வைத்தார். முதலாளி செய்ததெல்லாம் எதிரே கண்டால் சிரித்ததுதான். மனுப் போடுவதற்கான இரண்டு வருஷக் கெடு தாண்டிவிட்டது.

பிறகு போட்ட மனுவுக்கு வாய்தா மேல் வாய்தா. பாளையங்கோட்டை தொழிலாளர் அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்தே அருமைநாயகம் அலுத்துப்போனான். வேறு கூலியாட்கள் யாரும் சாட்சிக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்கள்.

வக்கீல் கோமதிசங்கர் ஒளிக்காமல் சொன்னார்: "நீரு அங்கன வேலை பாத்ததுக்கும், மனு பிந்துன காரணத்துக்கும் ஒம்ம அண்ணன் ஒருத்தர்தான் வே சாட்சி. அவரு சொல்லலேன்னா கேஸ் நிக்காது."

அண்ணன் சொல்கிறேன் என்று தலையாட்டினார். கூடவே பஸ் ஏறியும் வந்தார்.

விசாரணையில் அதிகாரி, அன்றைக்கு மில்லில் வேலை பார்த்தது யார் என்று கேட்டார். தேவசிகாமணி தம்பியைப் பார்க்கவில்லை.

"நான்தான்யா பாத்தேன்."

தம்பியை மனுப் போடவிடாமல் ஏன் நிறுத்தி வைத்தீர் என்ற கேள்விக்கு, அப்படி எதுவும் இல்லை என்றார். கோமதிசங்கர் கேஸ் கட்டை மூடி வைத்தார்.

வெளியே எஸ்டிடி பூத் நிழலில் அண்ணன் தானாகவே பேச ஆரம்பித்தார். மருமகனுக்கும் இப்போது அந்த மில்லில்தான் வேலையாம். முதலாளி நேற்று சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாராம். அருமைநாயகத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"அப்போ நான் மில்லுக்கே போகலை," என்றான் பைய. "எங் கை எங்கண்ணே போச்சு?"

பஸ் வந்ததும் தேவசிகாமணி கூட்டத்தில் முண்டி ஏறி, துண்டை விரித்து இரண்டு பேருக்கு இடம் பிடித்தார். ஜன்னல் வழியாகத் தம்பியைக் கூப்பிட்டார்.

அடுத்த பஸ்ஸில் வருவதாக அருமைநாயகம் சொல்லிவிட்டான்.