மேடா, பள்ளமா

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு திருகாணியை இம்மி திருப்பிப் பார்க்க எனக்கு வலித்தது.

எங்கள் பட்டறையில் தொலைநோக்கிகளுக்குக் குழிந்த கண்ணாடி தேய்ப்பவன் என் தம்பி. அளப்பவன் நான். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியை, பிசிறே இல்லாத இன்னொரு பரப்பிலிருந்து வரும் ஒளியோடு சேர்த்தால் திரையில் சிவப்பும் கறுப்புமாக வரிகள் விழும். தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் அவை வளையமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிசகு மேடா, பள்ளமா என்று சொல்லாது. இரண்டுக்கும் ஒரே வளையம்தான். திருகாணியால் கண்ணாடியைத் துளி நகர்த்தி, வளையம் விரிகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

தம்பி ஏற்கெனவே ஒரு கண்ணாடியில் கீறல் போட்டிருந்தான். இன்னொன்று கெட்டால் வேலை கிடையாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். பாவம், ஆறு வாரம் சோறு தண்ணி பார்க்காமல் இதைத் தேய்த்தான்.

அன்று திரையின் நடுவில் நான்கு வளையங்கள் தெரிந்தன.

“நடுவுல மேடுடா. அங்க மட்டும் இன்னும் தேய்” என்றேன்.

“நகத்திப் பாத்தியாண்ணே?”

“இருபது வருஷமா இதத்தானே பாக்கறேன்? எனக்கே பாடம் எடுக்கிறியா? போடா!”

போனான். இரண்டு நாள் தேய்த்துக் கொண்டுவந்தான். வளையங்கள் ஒன்பதாகியிருந்தன. அப்போதுதான் திருகாணியைத் தொட்டேன். பள்ளம்! இருந்த பள்ளத்தையே மேலும் தோண்ட வைத்திருக்கிறேன். இனி முழுப் பரப்பையும் அந்த ஆழத்துக்கு இறக்க முதலிலிருந்து தேய்க்க வேண்டும்; ஆறு வார உழைப்பும் பாழ்.

“யார் பார்த்த வேலை இது?” என்று மேனேஜர் கத்தினார். தம்பி என்னை ஒருமுறை பார்த்தான்.

“நான்தான் சார். கணக்கில்லாம தேச்சுட்டேன்.”

அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நானெல்லாம் ஒரு அண்ணன்!

மாலையில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி அவனுக்குத் தட்டு வைத்தபடியே பிடிபிடியென்று பிடித்தாள்.

“செய்யற வேலைல கவனம் வேணாமா தம்பி? உங்க அண்ணன் இத்தன வருஷத்துல ஒரு சொல்லு வாங்கியிருப்பாரா?”

“தப்புதான் அண்ணி” என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

“நீங்களும் நாலு வார்த்த சொல்லுங்களேன்” என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இனிமேலாவது ஒழுங்கா இருடா” என்றேன்.