ஜெபக் குறிப்பு

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பொறுமையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது அடையாள அட்டையோடு சரி. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், நீராவியும் சோப்பு வாடையுமாகக் கிடக்கும் அந்தக் கூடத்துக்கு மேலேயிருந்து யாராவது இறங்கி வந்து, "இதென்ன துவைச்ச லட்சணமா? கறை அப்படியே இருக்கு!" என்று குதித்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். அவள் மட்டும் கையை நீட்டி, "குடுங்கம்மா, இன்னொரு தடவை போடுறேன்" என்பாள்.

"உனக்கெல்லாம் கோபமே வராதாக்கா?" என்று கேட்பாள் கூட வேலை செய்கிற ஒலிபெருக்கி.

"வரும். வந்து, நான் நிக்கிற நிலைமையைப் பார்த்துட்டு, பாவம்னு திரும்பிப் போயிடும்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று கால் வீங்கிப் போனவளுக்குக் கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டாமா?

ஒலிபெருக்கி அவளுடைய ஜோடி. விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பல வருஷமாக இரண்டு பேரும் அப்படித்தான் நடந்து நடந்து வந்து சேர்கிறார்கள். நெருங்கும்போது ஒரு வார்த்தை, விலகும்போது ஒரு வார்த்தை என்று எத்தனையோ கதை அந்த விரிப்புகளுக்குள் மடிந்து மேலே வார்டுக்குப் போயிருக்கிறது. ஒலிபெருக்கிக்கு மனசு நல்ல மனசு. குரல்தான் தாழாது. சபையில் அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள், அப்படி வந்த பெயர்.

அவளிடம்தான் இவள் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. இருப்பது ஒரே மகள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவள் ஒரு சாயங்காலம் கையில் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம?"

"கேக்காதேம்மா. கொஞ்ச நாள் இருக்கேன். நான் இங்க இருக்கிறது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சு யாராவது புத்தி சொல்ல வந்தாங்கன்னு வை, அன்னைக்கே கிளம்பிடுவேன். எங்கேன்னு உனக்கும் சொல்ல மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். தகப்பனுடைய பிடிவாதம் அப்படியே வந்திருந்தது. இவளும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தட்டில் வைத்ததை மகள் கிளறிவிட்டு எழுந்து போவதையும், சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பதையும் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் விரிப்பின் முனைகள் வந்து சேர்ந்த இடத்தில் இவளுக்கு உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேடி."

"ஐயோ, நான் ஏன்க்கா சொல்லப் போறேன்!"

சபையின் பெண்கள் ஐக்கியத்தில் அப்போது பைபிள் சொல்லும் ஆவியின் கனிகளைப் பற்றிக் கூட்டத்துக்கு ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்பு முடிந்து, சந்தோஷமும் சமாதானமும் முடிந்து, நீடிய பொறுமை வந்திருந்தது. பாஸ்டரம்மா பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று கையை நீட்டினார்.

"இதுக்கு நான் உதாரணம் தேடி எங்கயும் போக வேண்டாம். நம்ம அக்காவே உட்கார்ந்திருக்காங்க. எழுந்திருங்கக்கா, எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்தாள். முழங்கால் மளுக்கென்றது. கைதட்டினார்கள். உட்காரச் சொன்னால் போதும் சாமி என்றிருந்தது அவளுக்கு.

அடுத்தது ஜெபக் குறிப்பு நேரம். உடம்பு சரியில்லாத நாத்தனார், பரீட்சை எழுதுகிற பிள்ளை என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் போட்டார்கள். பிறகு ஒலிபெருக்கி எழுந்தாள். எழும்போதே கண்ணில் தண்ணீர்.

"பேரு வேண்டாம். வேலை செய்ற இடத்துல ஒரு சகோதரி. ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்து வருஷம்கூட ஆகல, பையைத் தூக்கிட்டு வந்து நிக்குது. சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல. அந்தக் குடும்பத்தைக் கர்த்தர் சேர்த்து வைக்கணும்..."

மூடிய கண் எல்லாம் மூடியபடியே இருக்க, தலை மட்டும் ஒவ்வொன்றாக இவள் பக்கம் திரும்பியது.

மறுநாள் விரிப்பு மடிக்கையில் பேச்சே இல்லை. நெருங்கினார்கள், விலகினார்கள். இவள் உதறிய உதறலில் துணி சாட்டை மாதிரி சொடுக்கியது.

"என்ன, இன்னைக்கு ரேடியோ ரிப்பேரா?" என்றார் இஸ்திரி உருளையை ஓட்டுகிறவர்.

"எனக்கென்னண்ணே தெரியும்? வந்ததுலேருந்து அக்கா முகத்தைத் தூக்கி வச்சிருக்காங்க," என்றாள் ஒலிபெருக்கி. அடுத்த முறை நெருங்கி வந்தபோது, குரலைத் தாழ்த்திவிட்டதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, நல்ல சேதி. சனிக்கிழமை பாஸ்டரம்மா உங்க வீட்டுக்கு வர்றாங்க. பொண்ணுகிட்ட உட்கார்ந்து எடுத்துச் சொல்லி, ஜெபம் பண்ணி..."

இவள் கையிலிருந்த முனை நழுவி ஈரத்தரையில் விழுந்தது.

"யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. அவங்களுக்கே மனசுல பாரம் வந்துடுச்சு."

"நீ என் தலையில வச்ச பாரம் போதாதா?"

"நான் பேரே சொல்லலையேக்கா!"

"இந்தக் கூடத்துலேருந்து சபைக்குப் போறது நீயும் நானும்தான். உனக்கு ரெண்டும் பையன். பாக்கி யாருடி இருக்கா? உருளைக்காரரா?"

ஒலிபெருக்கி அதை யோசித்தே இருக்கவில்லை. பெயரைச் சொல்லாவிட்டால் ரகசியம் பத்திரமாக இருக்கும், அதுவும் ஜெபத்துக்காகச் சொன்னது வெளியே சொன்னதில் சேராது என்றுதான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"அழுது ஜெபிச்சேன்க்கா."

"கேட்டுச்சு. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். யாராவது புத்தி சொல்ல வந்தா போயிடுவேன்னு சொல்லியிருக்காடி என் பிள்ளை! போயிட்டா எங்கே போய்த் தேடுவேன்? எனக்கு வேற யாரு இருக்கா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. பொறுமையக்கா கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஒரு வேகம் வரும் என்பார்கள். அவளுக்கு வந்த கோபம் மிச்சம் மீதி இருந்த தெம்பையும் துடைத்துக்கொண்டு போயிற்று. ட்ராலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்திடுறேன்க்கா," என்றாள் ஒலிபெருக்கி. "இப்பவே போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடுறேன்."

"விளக்கம் எதுவும் சொல்லாதே."

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

சொல்லவில்லைதான். "வர வேண்டாம்னு அக்கா சொல்றாங்க, ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, போனை வைப்பதற்குள் விக்கி விக்கி அழுதிருக்கிறாள். பாஸ்டரம்மா, என்ன விபரீதமோ, சனிக்கிழமை வரை தாங்காது என்று அன்று சாயங்காலமே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இவள் வீடு இரண்டாம் மாடியில், ஒரு அறையும் சமையலறையும். வேலையிலிருந்து வந்து, வெந்நீர் வாளியில் காலை வைத்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

"அம்மா, கீழே யாரோ நின்னு மேல பாக்குறாங்க," என்றாள் ஜன்னலோரம் நின்ற மகள். உடனே பின்னுக்கு வந்தாள். "பாஸ்டரம்மா. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

இவள் வாளியிலிருந்து காலை எடுத்தாள்.

"அந்த வீட்டுலேருந்துதான் சொல்லியிருப்பாங்க. எங்க மாமியார் வேலையாத்தான் இருக்கும்."

இல்லை என்று இவள் மறுக்கவில்லை. பேசாமல் இருந்ததே பொய் ஆகிவிட்டது என்று தெரிந்தும் அப்படியே விட்டாள். மகள் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, நாற்காலியில் கிடந்த துணியை அள்ளித் திணிக்க ஆரம்பித்தாள்.

"இருடி. நான் பாத்துக்கிறேன். உள்ளே விட மாட்டேன்."

ஈரக்காலோடு போய், வெளியே நின்று கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினாள். மெல்லிய பலகைக் கதவு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆசீர்வாதம் சொல்லலாம். மூன்று பேரும் மூச்சிரைக்க மேலே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் படிகளைத் தாவிக்கொண்டு, "நான் வேண்டாம்னுதானே சொன்னேன்! வேண்டாம்னுதானே சொன்னேன்!" என்று ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்தாள்.

"ஸ்தோத்திரம்க்கா," என்றார் பாஸ்டரம்மா. "பொண்ணு உள்ளேதானே இருக்கா? ஒரே ஒரு வார்த்தை பேசிட்டு..."

"வேண்டாம்மா. ஒரு வார்த்தையும் அவளுக்கு இப்ப தாங்காது."

கூட வந்தவர்களில் தடித்த கண்ணாடி போட்டவள் முன்னால் வந்தாள். "புகுந்த வீடுன்னா ஆயிரம் இருக்கும். நாமெல்லாம் பொறுத்துப் போகலையா? உங்ககிட்ட இல்லாத பொறுமையா? நீங்களே எடுத்துச் சொல்லலாமே."

"நான் பொறுத்தது என் பாடு. அதையே எடுத்து அவளுக்கு ஊட்ட மாட்டேன்."

பாஸ்டரம்மா இவள் முகத்தையே பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை அவர், அவசரக்காரி. "அப்ப இது எங்களுக்குத் தெரிஞ்சதே உங்களுக்குச் சம்மதம் இல்ல, அப்படித்தானே?" என்றவர் ஒலிபெருக்கியிடம் திரும்பினார். "ஏம்மா, அவங்களைக் கேக்காமலா சபையில எழுந்து சொன்னே? அடுத்தவங்க வீட்டு விஷயத்தை?"

"அன்னைக்கே நினைச்சேன்," என்றாள் கண்ணாடிக்காரி, திட்ட வேறு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதியோடு. "எங்க மோப்பம் பிடிச்சாங்களோ! இவங்க வாய் தெரிஞ்சதுதானே. இனி இவங்களை ஜெபக் குறிப்பு சொல்லவே விடக் கூடாது."

ஒலிபெருக்கி இவளை ஒரு தடவை பார்த்தாள், சாத்தியிருந்த கதவை ஒரு தடவை பார்த்தாள். அக்காதான் என்னிடம் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பழி இறங்கிவிடும். சொல்லவில்லை. தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "ஆமா, என் தப்புதான்" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து இவள் கேட்டதே இல்லை.

இவள் சும்மா நின்றால் போதும். மிச்சத்தை அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். நன்றாக வாங்கட்டும் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. முதுகுக்குப் பின்னால் கதவு லேசாக அசைந்தது. மகள் அதில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்தால் எல்லாம் அவள் காதில் விழும். பை வேறு தயாராக இருக்கிறது. இவளுக்கு வந்த அசதியில் அங்கேயே படியில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"அவளை விடுங்க," என்றாள். "அவ மோப்பமும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல. நான்தான் சொன்னேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு என் பொண்ணு சொன்னதை முதல்ல வெளியே சொன்னது நான்தான். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டிட்டுப் போங்க."

யாரும் திட்டவில்லை. பாஸ்டரம்மா இவள் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா. கேட்டுட்டு வந்திருக்கணும்." மற்ற இருவரையும் பார்த்து, "வாங்க, போகலாம்" என்றார். கண்ணாடிக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வழியில பேசிக்கலாம். இல்ல, வழியிலயும் வேண்டாம்."

ஒலிபெருக்கி கடைசியாக இறங்கினாள். இரண்டு படி இறங்கித் திரும்பினாள்.

"நாளைக்குப் பேசுவீங்களாக்கா?"

"தெம்பிருந்தா பேசுறேன். போ."

உள்ளே மகள் மடியில் பையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பையின் ஜிப் மூடியிருந்தது.

"நீதானா?"

"நான்தான்."

"ஏம்மா?"

"தாங்கலடி."

"என்னைப் பத்தி என்னன்னு சொன்னே?"

"எனக்கு என்ன தெரியும், சொல்ல? சாப்பிட மாட்டேங்கிறான்னு சொன்னேன். விடிய விடிய சுவரைப் பாத்துட்டு முழிச்சுக் கிடக்கான்னு சொன்னேன்."

மகள் நிமிர்ந்தாள். "நீ தூங்கிட்டுத்தானே இருந்தே?"

"எங்கேடி தூங்கினேன்? கண்ணை மூடிக்கிட்டு நீ மூச்சு விடுறதைக் கேட்டுட்டுக் கிடந்தேன்."

"தினமுமா?"

"ம்."

மகள் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். திருகித் திருகி அது முறுக்கிக்கொண்டு நின்றது. கையை விட்டதும் தானாகப் பிரிந்தது.

"சொன்னதுதான் சொன்னே, அந்த ஒலிபெருக்கிகிட்டயா போய்ச் சொல்லுவே? உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"வேற ஆள் இல்லடி எனக்கு."

மகள் எழுந்து போவாளோ என்று இவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கக் கையிலும் வலுவில்லை, காலிலும் வலுவில்லை. போகிறேன் என்று சொன்னால், போகிற இடத்தையாவது சொல் என்று கேட்கலாம். அதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் பேசினாள்.

"அவர் கை நீட்டலம்மா. நீ அப்படி நினைச்சுட்டு இருக்காதே. இது வேற."

வேற என்றால் என்ன? யார் என்ன செய்தார்கள்? ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? கேள்வி எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள். முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று பட்டது. கட்டிலில் முதுகைச் சாய்த்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

மகள் பேசினாள். பாதியில் நிறுத்தினாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். சில இடங்களில் தப்பு மகளுடையது போலவும் இருந்தது. அப்போதும் இவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தூக்கம் கண்ணை அமுக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போட எழுந்தால் பேச்சு அறுந்துபோகும் என்று எழவில்லை.

மகள் நிறுத்தியபோதெல்லாம் காத்திருந்தாள். மறுபடி தொடங்கியபோது, "ம்" என்றாள்.