தவக்காலத்தில் பூச்சிக் கல்யாணம்

"தவக்காலத்துல நம்ம கோயில் சாமியாரு யாருக்கும் கல்யாணம் கட்டி வைக்க மாட்டாருல்லம்மா? அப்ப இந்தப் பூச்சிங்களுக்கு மட்டும் யாரு கட்டி வச்சாங்க?"

சிறுமி தெரேசா இப்படிக் கேட்டது எழுபத்தெட்டாம் ஆண்டில், இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த நாகலெட்சுமி பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். கோழிக்குத் தீனி போடச் சொல்லிச் சாவியைத் தெரேசாவின் அம்மா மார்கிரட்டிடம் கொடுத்திருந்தாள். தாயும் மகளும் கதவைத் திறந்தபோது, கட்டிலடியில் பரப்பியிருந்த விதை உருளைக்கிழங்கின்மேல் சாம்பல் நிறப் பூச்சிகள் சோடி சோடியாக உட்கார்ந்திருந்தன.

மார்கிரட்டுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கவலையும் வந்தது. இவை முட்டையிட்டால் புழு கிழங்கைக் குடைந்துவிடும். விதை போனால் நாகலெட்சுமிக்கு இந்தப் போகம் நடுவதற்கு எதுவும் இல்லை.

மறுநாள் கடைவீதியில் கடைக்காரர் மஃறூப் நானாவிடம் பூச்சிமருந்து கேட்டாள்.

"பச்சப்புள்ள படுக்கப்போற எடத்துல மருந்தா? வேணாம் தங்கச்சி," என்றார் அவர். "அந்தப் பூச்சி செவுத்துல சோடி சேருதா?"

"இல்லிங்க நானா, சும்மா குந்தியிருக்கு. கெழங்குமேலதான் சேருது."

"கெழங்கு வாசம் பட்டாத்தான் பொட்டைக்குக் கல்யாண நெனப்பே வரும். அப்பறந்தான் ஆணக் கூப்புடும். வாசந்தான் தரகர். நாயுண்ணி எலயும் தைலமரத்து எலயும் காயவச்சு கனமா மூடுங்க. தரகர் தோத்துப் போவாரு."

வீட்டில் இதைக் கேட்ட கணவன் லியனார்ட், "நெசந்தான். ஒங்க வீட்டுக் கருவாட்டுக் கொழம்பு வாசத்துலதான் நானும் வந்து மாட்டுனேன்," என்றான்.

"அப்ப இன்னைக்கு ரசந்தான்," என்றாள் மார்கிரட்.

இலைகள் காய்ந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் லியனார்ட் மகளைக் கூட்டிக்கொண்டு நாகலெட்சுமியின் குழந்தையைப் பார்க்கப் போனான். மார்கிரட் நாகலெட்சுமியின் காம்பராவைத் திறந்து கிழங்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பல கிழங்குகளில் புழு குடைந்திருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு கொழுந்தெடுத்த நாள் அவள் நினைவுக்கு வந்தது. தராசில் நிறுத்தபோது, அவள் பறித்ததைவிட அவள் கூடை கனத்தது. அவளுக்கு முழுப் பேர், முழுநாள் கூலி விழுந்தது. என்றும் குறையாமல் எடுக்கும் நாகலெட்சுமிக்குத்தான் அன்று அரைப் பேர், பாதிக் கூலி. அதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடவுள் சில உதவிகளை அப்படித்தான் அனுப்புகிறார்.

மார்கிரட் தன் காம்பராவுக்குப் போய், தான் நடுவதற்கு வைத்திருந்த கிழங்கில் நல்லதாகப் பார்த்து மடியில் அள்ளிவந்தாள். புழு விழுந்தவற்றை அடுப்பில் போட்டாள். அவை இருந்த இடங்களிலெல்லாம் தன் கிழங்கை வைத்து, காய்ந்த இலையால் கனமாக மூடினாள். சிந்திய மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

லயத்தில் ஒருவரும் இல்லை. கோழி மட்டும் தீனிக்குக் கத்தியது.