கார்வின் ஸ்டிக்னி எடுத்துக்கொண்ட கைகள்

கார்வின் ஸ்டிக்னியின் முதல் இசைத்தட்டு கடைக்கு வந்த வாரத்திலிருந்து லெமுவேல் பெட்வேயின் கைகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அந்தத் தட்டு எந்த ஊரில் சுழன்றாலும் சரி, இங்கே நியூயார்க்கின் தென் பிராங்ஸில் அவர் கைகள் எழுந்து எதிரே இருப்பதை அடிக்கும். சாப்பாட்டு மேசை, பேருந்துக் கம்பி, ஒருமுறை மீன்கடைக்காரரின் வழுக்கை. மீன்கடைக்காரர் தலையை வாகாகக் குனிந்து கொடுத்தார், தாளம் நன்றாக இருந்தது.

காரணம் எங்கள் தெருவுக்கே தெரியும். லெமுவேல் இளவயதில் ஒரு குழுவுக்கு டிரம்ஸ் வாசித்த பழைய தட்டில், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாகப் பேசும். ஸ்டிக்னி அந்தத் துண்டை வெட்டி, முடியும் இடத்தில் மறுபடி தொடங்கவைத்து, அதன்மேல் இரண்டு பையன்களை ராப் பாடவிட்டான். அவனுக்குத் தாளமும் தெரியாது, பாட்டும் வராது. அடுத்தவன் தட்டில் எது ருசி என்று மட்டும் தெரியும். எங்கள் வட்டாரத்தில் ராப்புக்கென்று முதலில் கம்பெனி தொடங்கியவன் அவன்தான். முன்னோடி என்கிறார்கள். கோழிக்கூண்டுக்கு நரிகூடத்தான் முதலில் வருகிறது.

சில வருடங்களில் அவன் ஆபீஸ், காரின் டிக்கியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு ஏறியது. லெமுவேல் சவரம் செய்வதை விட்டார். மனைவி வெர்லீன்தான் ஊட்டிவிட்டாள். பிறகு பாட்டின் மவுசு குறைந்து கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்த வருடம், மகள் ஜாய்லினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மகளின் கையைப் பிடித்துச் சர்ச்சுக்குள் கூட்டிப்போக வேண்டும், லெமுவேலுக்கு அது ஒன்றுதான் ஆசை. அதே சனிக்கிழமை, அடுத்த தெருவுக்கு ஸ்டிக்னியின் பெயரை வைக்கும் விழா. வெர்லீன் ஐந்து மாடி ஏறிப் போனாள்.

“அரை மணி நேரம் மட்டும் அந்தப் பாட்டப் போடாம இரு, தம்பி. புள்ள கையப் புடிச்சு நடக்கணும்னு கெடக்கறாரு மனுசன்.”

“அந்தப் பாட்டு இல்லன்னா என்னை யாருக்குத் தெரியும்க்கா?” என்றான் ஸ்டிக்னி. வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே உண்மை அது.

லெமுவேல் மகளின் கையைப் பிடித்து நாலடி வைத்திருப்பார். அடுத்த தெருவில் ஒலிபெருக்கி அந்தப் பாட்டைத் தொடங்கியது. கைகள் பிய்த்துக்கொண்டு போய் பெஞ்சை அடித்தன. எங்கள் முன்னால் அந்த மனிதர் அழுதார். ஜாய்லின் பூச்செண்டைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கைகளை எடுத்துத் தன் தோள்களில் வைத்தாள்.

“அடிங்கப்பா. இந்தத் தாளத்துக்கே நடந்து வரேன்.”

முன்னால் அவள், பின்னால் அவர். நாங்கள் எல்லோரும் எழுந்து கூடவே கைதட்டினோம். ஆர்கன் வாசித்த அம்மாள் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தானும் தட்டினாள். சத்தம் கேட்டு விழாக் கூட்டம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. தனியாக நின்ற ஸ்டிக்னியும் பின்னாலேயே வந்து, கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றான். பாவம், வெட்கப்படுகிறான் என்று நினைத்தோம். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவன் கோட்டுக்குள் டேப்ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வசந்தத்தில் அவனுடைய புதுத் தட்டு வந்தது. அன்றுமுதல் எங்கள் சபை மொத்தமும், பேருந்திலோ வங்கி வரிசையிலோ, நின்ற இடத்தில் கைதட்டுகிறது. பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவோம், முடிந்ததும் எடுத்துக்கொள்வோம். துணை கிடைத்ததில் லெமுவேல் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். பாட்டு நன்றாக ஓடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும், இதை எழுதி முடிப்பதற்குள் பேனாவைப் பலமுறை கீழே வைத்துவிட்டேன்.