பஞ்சுப்புல் மேடை

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "மேடை அலங்காரம் அத்தைதான்" என்று வீட்டில் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அத்தைக்கும் அதில் மறுபேச்சு இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண மண்டபங்களை அலங்கரிக்கிறவள். ஏணி, இரும்புச் சட்டம், கம்பிச்சுருள் எல்லாம் ஏற்றிய வேன் ஒன்று சொந்தமாக உண்டு. யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ செய்தவள், தூக்கி வளர்த்த பெண்ணுக்குச் செய்யமாட்டாளா?

வினை எங்கே வந்ததென்றால், மணப்பெண்ணுக்கு எளிமை பிடித்துப்போனதில்.

"ரொம்ப சிம்பிளா போதும் அத்தை" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களை அனுப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே வெளிறிய பின்னணி. அதன் முன்னால், யாரோ கட்டாயப்படுத்திக் கட்டிவைத்த மாதிரி முகத்தோடு ஒரு மணப்பெண். பூ என்று பேருக்கு இருந்ததும் வாடிக் கிடந்தது.

"என்னம்மா இது, தண்ணி தெளிக்க மறந்துட்டாங்களா?"

"ஐயோ, இதான் இப்ப ட்ரெண்டு! பூவெல்லாம் பழசு. எல்லாம் காஞ்சதா இருக்கணும். கலரும் ஓட்ஸ் கலர், மணல் கலர், காளான் கலர், அவ்வளவுதான்."

அத்தைக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அழைப்பிதழிலும் அந்த மூன்று நிறங்களை அச்சடித்து, விருந்தாளிகள் அதற்குத் தோதாக உடுத்தி வரவேண்டும் என்று போட்டிருந்தார்கள். அண்ணன் பாவம், நாலு கடை ஏறி இறங்கினார். "காளான் கலர்ல சட்டை இருக்கான்னு கேட்டா, அந்த ஆளு என்னை மேலயும் கீழயும் பாக்கறான்" என்று தங்கையிடம் புலம்பினார்.

மேடையின் பின்னணி முழுக்கப் பஞ்சுப்புல் வேண்டும் என்றாள் மணப்பெண். ஆளுயரத் தண்டு, நுனியில் நரிவால் போலப் புசுபுசுவென்று பஞ்சு. எழுநூறு தண்டுகள் வந்து இறங்கின. ஒன்றை உதறிப் பார்த்த அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது.

"இது உதிரும்மா. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை ரெண்டு தடவை அடிச்சிட்டா பஞ்சு நிக்கும்."

ஒரு தண்டுக்கு அடித்தும் காட்டினாள். மணப்பெண் அதைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "எண்ணெய்த் தலை மாதிரி இருக்கு. நேச்சுரலா விடுங்க. காத்துல லேசா அசையணும்."

"காத்து வந்தா அசையாது, பறக்கும்."

"அத்தை, நான் வீடியோ பாத்திருக்கேன்."

அதற்குமேல் இருபத்திரண்டு வருஷ அனுபவத்துக்கு அங்கே என்ன வேலை? அத்தை ஸ்ப்ரே டப்பாவை மூடி வேனில் போட்டாள். போதாததற்கு, வீடு திரும்பிய மணப்பெண் கைப்பேசியில் அழுத்தந்திருத்தமாக ஒரு குரல் பதிவும் அனுப்பிவைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் மேடை வேலை முடிந்ததும், அத்தை கை கால் கழுவி, ஆசையாக எடுத்து வைத்திருந்த கத்தரிப்பூ நிறப் புடவையை உடுத்திக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போனாள். மணப்பெண் கண்ணாடியில் பார்த்த பார்வையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க அத்தை. குடும்ப போட்டோவுல இந்தக் கலர் தனியா அடிக்கும். உங்களை அப்புறமா தனியா ஒண்ணு எடுத்துக்கலாம்."

அத்தைக்குச் சுருக்கென்றது. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மணப்பெண்ணின் உடையில் பிரிந்திருந்த ஓரத்துக்கு ஊசி குத்திவிட்டு வெளியே வந்தாள்.

மணமக்கள் மேடையேறினார்கள். ஒருவருக்கொருவர் எழுதிவைத்திருந்த உறுதிமொழியை வாசிக்கும் நேரம். மணப்பெண்ணின் தலையிலிருந்து தொங்கிய நீண்ட வலைத்துணி அலையலையாகப் பறக்கவேண்டும் என்று புகைப்படக்காரர் பெரிய மின்விசிறி ஒன்றைத் தூக்கிவந்து மேடையோரம் நிறுத்தினார்.

"ஃபேனைப் போடாதீங்க!" என்று பின்வரிசையிலிருந்து அத்தை கத்தினாள்.

மணப்பெண் சிரித்த முகம் மாறாமல், "போடுங்க" என்று கண்ணைக் காட்டினாள்.

முதலில் ஒரே ஒரு இழைதான் மிதந்து வந்தது. அடுத்த மூச்சில் எழுநூறு தண்டும் அவிழ்ந்து கொட்டின. அண்ணன் தொடர்ந்து ஏழு தும்மல் போட்டார். "உன்னை என்றென்றும்" என்று ஆரம்பித்த மாப்பிள்ளை, மிச்சத்தை மணப்பெண்ணின் முகத்திலேயே தும்மினான். அவளுடைய பளபளக்கும் உதட்டுச்சாயத்தில் பஞ்சு அப்பி, அருமையான வெள்ளை மீசை முளைத்தது. சிவப்பு, பச்சை என்று இஷ்டத்துக்கு உடுத்தி வந்தவர்கள்கூட ஓட்ஸ் நிறத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அத்தை ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தி, ஈரத்துணியால் மீசையைத் துடைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மேடையேறினாள்.

"யாரோட ஏற்பாடு இது?"

"அத்தைதான் ஆன்ட்டி. நான் பூதான் வைக்கச் சொன்னேன்" என்றாள் மணப்பெண், விசும்பலுக்கு நடுவில்.

துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அத்தை அவளுடைய வீங்கிய கண்களைப் பார்த்தாள். கல்யாண நாள், போகட்டும். "ஆமாங்க, நான்தான்" என்றாள்.

அதற்குள் புகைப்படக்காரர் தயங்கித் தயங்கிக் கேமராவை நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அடடா! பனி கொட்டற மாதிரி இருக்கே! எங்கயும் பாத்ததில்ல. அடுத்த மாசம் என் தங்கச்சி மகளுக்கும் இதே மாதிரி செஞ்சிடலாம்."

மணப்பெண் மூக்கை உறிஞ்சினாள். "அது வந்து ஆன்ட்டி, உண்மையில ஐடியா என்னோடதுதான். அத்தை சும்மா கட்டிக் குடுத்தாங்க."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சத்தியமா அவளோடதுதாங்க. சாட்சியே இருக்கு" என்று கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். மணப்பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது: "ஸ்ப்ரே கிப்ரே அடிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். பூ ஒண்ணுகூட மேடையில இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

மாப்பிள்ளையின் அம்மா மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணம் இன்னும் முடிந்தபாடில்லை.

"அப்ப அடுத்த மாசம் நீயே வந்து செஞ்சு குடு" என்றாள். "வீட்டுல ஆளை வெச்சுக்கிட்டு வெளிய எதுக்கு?"

அடுத்த மாதம், மாமியாரின் தங்கை வீட்டு மொட்டைமாடியில் எழுநூறு தண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு போன மாதத்து மணப்பெண் போன் செய்தாள். அடுக்காக மூன்று தும்மல் கேட்டது. பிறகுதான், "அத்தை, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்" என்றாள்.

"மூக்குல ஒரு துணியைக் கட்டிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, அத்தை வேனைக் கிளப்பினாள். அன்றைக்கு அவளுக்கு வேறு கல்யாணம் இருந்தது.