முதுகில் மூன்று கீறல்

டாக்டருக்கு எழுபத்திரண்டு வயது. மார்பைத் திறந்து நுரையீரலைச் சரிசெய்வதிலேயே முப்பத்தைந்து வருஷம் ஓடிப்போனது. ஓய்வு பெற்றபின் முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்க, மனைவி அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டாள். நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவள் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து காவல் காப்பாள்.

அன்று காலை, கரையேறிய ஒருவரின் முதுகில் டாக்டரின் கண் போய் ஒட்டிக்கொண்டது. இடது தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி விலாப்பக்கம் வளைந்தோடும் பழைய தழும்பு. அதன் குறுக்கே மூன்று மெல்லிய கோடுகள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைக்கும்போது தோல் பிசகாமல் சேர வேண்டும் என்பதற்காக, வெட்டுவதற்கு முன்பே குறுக்கே கீறிக்கொள்வார்கள். மற்றவர்கள் இரண்டோடு விட்டுவிடுவார்கள். மூன்று போடுகிற ஆள் அந்த ஆஸ்பத்திரியிலேயே அவர் ஒருவர்தான்.

"சார்! கொஞ்சம் நில்லுங்க!"

அந்த மனிதர் காதில் விழவில்லை. தொபுக்கென்று மறுபடி குதித்துவிட்டார். டாக்டர் அவசரமாகப் படியேறி, வழுக்கும் கரையில் கூடவே ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"ஏங்க, முழங்காலு!" என்று மனைவி கத்தினாள்.

"அது கிடக்கட்டும்! அங்க நீந்துறது என் கைவேலை!"

அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஒரு நடை, இரண்டு, எட்டு, பத்து. நீந்தியவர் சாவகாசமாக வந்து நின்றார். கரையில் ஓடிய டாக்டருக்குத்தான் மூச்சிரைத்தது.

"உங்களுக்கு... நுரையீரல்ல ஆபரேஷன் நடந்துச்சா?"

"ஆமா சார், முப்பத்தோரு வருஷம் ஆச்சு. இடது பக்கம் கீழ்ப்பகுதிய எடுத்துட்டாங்க. நான் தபால்காரன், இன்னிக்கும் மாடி மாடியா ஏறுறேன். நீங்க யாரு?"

"நான்தான்யா எடுத்தேன்!"

தபால்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சங்கடமாகச் சிரித்தார். "தப்பா நினைக்காதீங்க சார். நீங்க வேலை பாத்தப்ப நான் மயக்கத்துல இருந்தேன்."

பெஞ்சில் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஆனா அந்த நர்ஸம்மாவ மட்டும் மறக்க மாட்டேன். தையல் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி வலிக்கும். தலகாணிய நெஞ்சோட கட்டிக்கிட்டு இருமுடான்னு பத்து நாள் விடல. டம்ளர அவங்க மேலயே எறிஞ்சிருக்கேன். அவங்க இல்லன்னா சளி கட்டியே போய்ச் சேந்திருப்பேன்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. எத்தனை மேடைகளில் அந்த மூன்று கீறலைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்! தன் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதிப் பத்து நாளும் அந்த அம்மாவின் வேலை. அதை ஒரு மேடையிலாவது சொன்னாரா? இல்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது.

"அது எங்க வார்டு சிஸ்டர்தான்! தீபாவளிக்கு நீ பேசுவியே, அந்தம்மா நம்பர் உன்கிட்ட இருக்குல்ல? போடு, சீக்கிரம்!" என்று மனைவியிடம் பறந்தார்.

மறுமுனையில் குரல் கேட்டதும் ஈரக்கையோடு போனைப் பிடித்துக் கத்தினார். "சிஸ்டர்! உங்க மேல டம்ளர் எறிஞ்ச பையன் ஞாபகம் இருக்கா? மூச்சு வாங்காம பத்து நடை நீந்துறான்!"

"அந்த அடங்காப்பிடாரியா? உசுரோட இருக்கானா?" என்றது குரல். "நாளைக்கு எத்தன மணிக்கு நீந்துவான் டாக்டர்? நான் வந்து பாக்கணும்."

மறுநாள் ஆறு மணிக்கே சிஸ்டர் வந்துவிட்டாள். தபால்காரர் திரும்பும் ஒவ்வொரு முறையும் டாக்டர் எண்ணிக்கையைக் கூவ, பெஞ்சிலிருந்த இரண்டு பெண்களும் கைதட்டினார்கள். பதினாறாவது நடையில் குளத்துக் காவலாளி வந்து, "பெரியவங்களே, கொஞ்சம் சத்தத்தக் குறைங்க" என்று கெஞ்சினார்.

"பதினேழு!" என்றார் டாக்டர்.