நீக்கிய இரண்டு நாள்

துறைமுகத்தில் நிற்கும் கப்பல் பெரிய என்ஜினை அணைத்துவிடும். விளக்கெரிய, பம்பு ஓட, சின்ன என்ஜின்கள் மட்டும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் கப்பல், எத்தனை மணி நேரம், என்ன எண்ணெய் என்று தெரிந்தால் அது விட்ட புகையைக் கணக்கிடலாம். காற்றின் திசையையும் சேர்த்தால் அந்தப் புகை எங்கே போனது என்று சொல்லலாம். அதுதான் என் வேலை.

கணக்கைச் சரிபார்க்க, கப்பல் புகை எட்டாத ஓர் இடத்துக் காற்றும் வேண்டும். உத்திரமேரூர் பக்கத்தில் என் மாமனார் வேதகிரியின் வீட்டு மாடியில் கருவி வைத்தோம். இடம் காட்டியது என் மனைவி சுபாஷ்ரீ.

இந்த ஆண்டு போகியன்று காலை, அதே வீட்டில், அவள் மூச்சுத் திணறி இறந்தாள். இருபத்தேழு வயது. சிறு வயதிலிருந்தே வீசிங். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. கல்யாணமான மூன்று வருடமும் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் என்னோடு இருந்தவள். அங்கே ஜன்னல் கம்பியில் கரி படியும். பொங்கலுக்காக வந்திருந்தோம்.

மார்ச்சில் கருவியைச் சரிபார்க்கப் போனேன். மாமா மாடியேறி வந்தார். கையில் ஒரு மனு.

"மாப்ள, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கப் போறேன். நூத்திப் பத்து பேர் கையெழுத்து. கப்பல் பொகையாலதான் எம்பொண்ணு செத்துப் பூட்டான்னு எழுதிக் கீது. ஒரு நம்பரு மட்டும் நீங்க போட்டுக் குடுங்க."

"என்ன நம்பர் மாமா?"

"அன்னிக்கு கப்பல் பொகை இங்க எவ்ளோ வந்துதுன்னு. பால் சொசைட்டி வினோத்குமார் நக்கல் பண்றான், இன்னா வேதகிரி, கப்பலு நம்ம ஏரியிலயா வந்து நின்னுதுன்னு. அவன் வாய அடைக்கணும்."

என் அறிக்கையில் அந்த நாள் இல்லை. கருவிக்குப் பக்கத்தில் எதையாவது கொளுத்தினால் அந்த நேரத்து அளவுகளை நீக்கிவிடுவது எங்கள் வழக்கம். போகியும் மறுநாளும் வருடா வருடம் போய்விடும். இந்த வருடமும் நானே நீக்கினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை அது. 'உள்ளூர் நெருப்பு' என்று குறித்தேன். எண்களைப் பார்க்கவில்லை.

நீக்காத மூலக் கோப்பு இருந்தது. லேப்டாப்பில் திறந்தேன். அன்று துறைமுகத்தில் பதினாறு கப்பல்கள். விடியலில் காற்று மேற்கிலிருந்து கடல் பக்கமாக வீசியிருந்தது. கணக்கு ஓடி முடிய கால் மணி நேரம். மாமா தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து காத்திருந்தார்.

"இன்னா சொல்லுது?"

"கப்பல் இல்ல மாமா."

"நல்லா பாருங்க."

"பாத்துட்டேன். இந்தக் கோடுதான் கப்பல். தரையோட படுத்திருக்கு."

"அப்ப இது இன்னா, மலையாட்டம் ஏறிக்கினு கீது?"

"நம்ம கருவி இங்க அளந்தது."

அவர் திரையருகே குனிந்தார். கோட்டின் உச்சிக்குக் கீழே மணி இருந்தது. ஐந்து இருபது. அதை வாய்விட்டுப் படித்தார்.

"பனியில பாயி பத்திக்கல மாப்ள. அதான் பழைய டயரப் போட்டு மண்ணெண்ண ஊத்துனேன்."

"நானும் பக்கத்துலதான் நின்னேன் மாமா."

நின்றேன். காற்றைப் படித்தவன். வாசலில் எரிந்த அந்த நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு நின்றேன். அவள் வாசலை ஒட்டிய அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சிட்டம்மாளுக்குத் தெரிய வேணாம்" என்றார் மாமா. "தாங்க மாட்டா."

படியில் காலடி கேட்டது. அத்தை சிட்டம்மாள் இரண்டு டம்ளரில் டீ கொண்டு வந்தார்.

"இன்னா, கணக்கு வந்துச்சா?"

மாமா தரையைப் பார்த்தார்.

"வந்துச்சு அத்தை" என்றேன். "கப்பல்தான்."

"கல்யாணத்தன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினேன். புள்ளைக்கு நெஞ்சு ஆவாது, அந்தக் கரி ஊருக்கு இட்டுக்கினு போவாதீங்கன்னு. கேட்டியா நீ? இட்டுக்கினு போயி கொன்னுட்டியே."

அதுவரை அவர் என்னை 'நீ' என்று சொன்னதில்லை.

மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அத்தை ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மனுவில் எண்ணை நான் எழுதவில்லை. அந்த இடம் காலியாகவே இருந்தது. திங்கட்கிழமை காலை மாமா போகத் தயங்கினார். அத்தைதான் வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து, காஞ்சிபுரம் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்தார்.